பச்சமாமா யார்? படையல் குழியிலிருந்து அரசியலமைப்புச் சட்டம் வரை

2019 அக்டோபர் 21 அன்று, ரோம் நகரில் வத்திக்கானுக்கு அருகிலுள்ள ஒரு தேவாலயத்திலிருந்து, மண்டியிட்ட கர்ப்பிணிப் பெண்ணின் மரச்சிற்பங்கள் சில திருடப்பட்டன. எடுத்துச் சென்றவர்கள் பாலத்திலிருந்து டைபர் ஆற்றுக்குள் அவற்றைத் தள்ளிவிட்டு, அதைப் படமெடுத்து இணையத்திலும் வெளியிட்டார்கள். செய்திகள் அந்தச் சிற்பங்களைப் ‘பச்சமாமா’ என்று அழைத்தன. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டவர் வணங்கும் பூமித் தாயின் பெயர் அது. ஒரு தரப்பு அதை விக்கிரகம் என்றது, இன்னொரு தரப்பு தாய்மையின் சின்னம் என்றது.

இதே பெயர் 2008இல் ஈக்வடாரின் அரசியலமைப்புச் சட்டத்தில் ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு இணையாக எழுதப்பட்டது. மறு ஆண்டு பொலிவியாவின் புதிய அரசியலமைப்புச் சட்டம் தன் முகவுரையின் இறுதிப் பகுதியில் அந்தப் பெயரைச் சொன்னது. ஆனால் இரண்டு நாடுகளும் எண்ணெய், எரிவாயு, கனிமம் ஆகியவற்றைத் தோண்டி விற்பதை நிறுத்தவில்லை. பூமித் தாயைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு அதே பூமியில் துளை போடுவது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதில் வியப்பில்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், பச்சமாமாவைச் சுற்றுச்சூழல் ஆர்வலரின் கண்ணால் மட்டும் பார்ப்பது. ஆண்டிஸ் மலைநாட்டு உழவர் அவளைப் பார்க்கும் கண் வேறு. அவருக்கு அவள் முதலில் ஒரு கடன்காரி. அவர் அவளிடம் வாங்கியிருக்கிறார், திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

சொல்லின் பொருள்

தமிழில் எழுதும்போது இந்தப் பெயரைப் ‘பச்சை மாமா’ என்று படிக்கத் தோன்றும். ஆண்டிஸ் பழங்குடியினர் பேசும் கெச்சுவா, அய்மாரா மொழிகளில் மாமா என்றால் அம்மா. ‘பச்ச’ என்பதுதான் சிக்கலான பாதி. அதற்கு நிலம், உலகம் என்ற பொருள்கள் உண்டு. காலம், யுகம் என்ற பொருளும் உண்டு. இன்கா அரசர் பச்சகுத்தியின் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. உலகம் தலைகீழாகப் புரளும் யுகமாற்றத்துக்கு அந்த மொழிகளில் ‘பச்சகுத்தி’ என்றே பெயர்.

ஆகவே பச்சமாமாவை ‘மண்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் பாதி விட்டுப்போகும். இடமும் காலமும் சேர்ந்த ஒன்று அது. எந்த வயல், எந்தப் பருவம் என்ற இரண்டையும் சேர்த்தே அவளிடம் பேச வேண்டும். ஆகஸ்டில் அவள் ஒரு மாதிரி, பிப்ரவரியில் வேறு மாதிரி.

பேச்சில் அடிக்கடி வரும் இன்னும் மூன்று சொற்கள்:

1. அய்னி. இன்று என் வயலில் நீ வேலை செய், நாளை உன் வயலில் நான் செய்கிறேன் என்ற கொடுக்கல் வாங்கல் முறை. முதலில் இது மனிதர்களுக்கு இடையிலான ஏற்பாடு. பிறகு மலையோடும் மண்ணோடும் உள்ள உறவுக்கும் இதே சொல் பொருந்துகிறது.

2. சல்யா. குடிக்கும் முன் முதல் சில துளிகளைத் தரையில் ஊற்றுவது. மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் சிச்சாவோ பீரோ சாராயமோ, எதுவானாலும் அவளுக்குத்தான் முதல் மிடறு.

3. மேசா. தாளில் பரப்பிக் கட்டி எரிக்கும் படையல். மேசைக்கான ஸ்பானியச் சொல்லே அது. போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த ‘மேசை’யும் அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

ஆகஸ்டில் வாய் திறக்கும் பூமி

ஆண்டிஸ் மேட்டுநிலத்தில் 3,600 முதல் 4,000 மீட்டர் உயரத்தில் உழவு நடக்கிறது. மண் மெலிந்தது. ஒரு இரவு உறைபனியோ ஒரு மணி நேர ஆலங்கட்டி மழையோ உருளைக்கிழங்குப் பயிரை முடித்துவிடும். ஒரு முறை விளைந்த நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாகப் போட்டுத்தான் அடுத்த முறை உழ முடியும். நிலம் ‘களைத்துப்போவது’ அங்கே உவமை இல்லை, கண்ணெதிரே நடப்பது.

பூமியின் தெற்குப் பாதியிலுள்ள இந்த மேட்டுநிலத்தில் ஆகஸ்ட் என்பது குளிரும் வறட்சியும் முடியும் காலம். அறுவடை முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும், விதைப்பு இனிமேல்தான். நிலம் வெடித்துக் கிடக்கும். அந்த மாதத்தில் பூமி வாய் திறந்திருக்கிறது, பசியோடிருக்கிறது என்பது நம்பிக்கை. விதைக்கும் முன் அந்த வாய்க்குச் சோறு போட்டாக வேண்டும். போடாவிட்டால் அவளே எடுத்துக்கொள்வாள்: மாட்டையோ விளைச்சலையோ, சில வேளை ஆளையோ. ‘காவு கேட்கிறது’ என்று தமிழில் சொல்கிறோமே, ஏறக்குறைய அந்தப் பொருளில்தான்.

அர்ஜென்டினாவின் வடமேற்கு மூலையில் ஹுஹுய் மாகாணம் இருக்கிறது. அங்கே ஆகஸ்ட் 1 அன்று பல வீடுகளில் முற்றத்தில் ஒரு குழி தோண்டுவார்கள். பெரும்பாலும் போன ஆண்டு தோண்டிய அதே இடம்தான். மூடியிருக்கும் கல்லை அகற்றி மண்ணைக் கிளறினால், மலைநாட்டவர் மெல்லும் கோக்கா இலையின் பழைய எச்சமும் புட்டியும் தட்டுப்படும். குடும்பத்தார் இருவர் இருவராக மண்டியிட்டு, சமைத்த உணவை இரண்டு கைகளாலும் அள்ளிக் குழிக்குள் போடுவார்கள். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, இறைச்சி, பிறகு கோக்கா இலை, ஒயின், சிச்சா. குழியின் விளிம்பில் சிகரெட்டைப் பற்றவைத்து மண்ணில் நட்டுவைப்பதும் உண்டு. அவளும் புகைக்கட்டும் என்றுதான். எல்லோரும் கொடுத்து முடித்த பிறகு குழியை மூடி மேலே கற்களை அடுக்குவார்கள். இதற்குக் கோர்ப்பசாதா என்று பெயர். கோயில் இல்லை, சிலை இல்லை, பூசாரியும் கட்டாயமில்லை. வீட்டின் மூத்த பெண்மணி முன்னின்று நடத்தினால் போதும்.

நகரத்தில் இதற்கு வேறு வடிவம். பொலிவியாவின் லா பாஸில் ‘சூனியக்காரிகளின் சந்தை’ என்று சுற்றுலாப் பயணிகள் அழைக்கும் தெருக்களில் மேசாவுக்கான பொருள்கள் கட்டுக்கட்டாக விற்கப்படுகின்றன. ஒரு வெள்ளைத் தாள், அதன்மேல் கோக்கா இலை, லாமா என்ற ஒட்டக இன விலங்கின் கொழுப்பு, வண்ணக் கம்பளி நூல், பொன் வெள்ளி நிறத் தாள்துண்டுகள். நடுவில் சர்க்கரையில் வார்த்த சிறு வில்லைகள். ஒன்றில் வீடு, ஒன்றில் கார், இன்னொன்றில் பணக்கட்டு. எதைக் கேட்கிறோமோ அதன் உருவம். பெரிய வேண்டுதல் என்றால் உலர்ந்த லாமாக் கரு ஒன்றும் சேரும். யாதிரி எனப்படும் சடங்கு அறிந்தவர் அதைக் கட்டி எரிப்பார். சாம்பல் வெளுத்து வந்தால் அவள் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். புதிய வீடு கட்டும்போது லாமாக் கருவை அஸ்திவாரத்தில் புதைப்பது இன்றும் வழக்கம். அடுக்குமாடிக் கட்டடங்களும் இதற்கு விலக்கு இல்லை.

கிறிஸ்தவத் தவக்காலத்துக்கு முன் வரும் கார்னிவல் திருவிழாவின் செவ்வாயன்று பொலிவியாவில் கடை, வீடு, லாரி, டாக்ஸி எல்லாவற்றுக்கும் வண்ணக் காகிதம் சுற்றிப் பீர் தெளிக்கிறார்கள். ஆயுத பூஜை அன்று ஆட்டோவுக்குச் சந்தனம் வைப்பதைப் பார்த்த கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஒரு வேறுபாடு மட்டும் கவனிக்கத்தக்கது. ஆயுத பூஜையில் மரியாதை கருவிக்குப் போகிறது. சல்யாவில் கார் வெறும் சாட்சி. பீர் அது நிற்கும் மண்ணுக்கு.

பச்சமாமா கருணையே வடிவான தாய் அல்ல என்பது இதற்குள் புரிந்திருக்கும். மலைப்பாதையில் தடுக்கி விழுந்த ஒருவர் பிறகு காய்ச்சலில் படுத்தால் ‘பூமி பிடித்துக்கொண்டது’ என்பார்கள். பேய் பிடித்தது என்பது போல. மீட்க வேண்டுமென்றால் விழுந்த இடத்துக்கே போய்ப் படைக்க வேண்டும்.

சுரங்கத்துக்குள் ஒரு மாமா

‘மாமா’ என்றால் அம்மா என்று சொல்லிவிட்டேன். உண்மையான மாமா ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். அவர் நிலத்துக்கு அடியில் இருக்கிறார்.

பொலிவியாவின் பொத்தோசி நகருக்கு மேலே நிற்கும் செர்ரோ ரீகோ என்ற மலையில் 1545இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மலையின் வெள்ளி ஸ்பானியப் பேரரசைத் தாங்கியது. அதைத் தோண்டப் பழங்குடியினர் முறைவைத்துக் கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்டார்கள். இன்றும் அங்கே சுரங்கத் தொழிலாளர் கூட்டுறவுகள் துத்தநாகமும் வெள்ளியும் ஈயமும் எடுக்கின்றன. சுரங்கத்துக்குள் சிறிது தூரம் போனால் பக்கவாட்டு அறையில் களிமண்ணால் செய்த கொம்புள்ள உருவம் ஒன்று உட்கார்ந்திருக்கும். பெயர் தீயோ. ஸ்பானிய மொழியில் ‘மாமா’ அல்லது ‘சித்தப்பா’ என்று பொருள். கெச்சுவாவில் ‘d’ ஒலி இல்லாததால், கடவுள் என்ற பொருளுள்ள ‘தியோஸ்’ (Dios) என்ற ஸ்பானியச் சொல்தான் தீயோ ஆயிற்று என்று விளக்கம் சொல்வாரும் உண்டு. தொழிலாளர்கள் அவர் வாயில் சிகரெட்டைச் செருகி, மடியில் கோக்கா இலையைக் குவித்து, காலடியில் சாராயம் ஊற்றுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது சுரங்க வாயிலில் லாமாவை அறுத்து இரத்தத்தை வாயிற்சுவரில் வீசுகிறார்கள்.

பச்சமாமாவும் தீயோவும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். தாது அவளுடையது, காவல் அவருடையது. இங்கேதான் வெளியூர்க்காரர்கள் தவறவிடும் செய்தி இருக்கிறது. இந்த வழிபாடு தோண்டாதே என்று சொல்லவில்லை. கொடுக்காமல் தோண்டாதே என்கிறது. லாமாவின் இரத்தத்தை முதலில் குடித்துவிட்டால் மனித இரத்தம் கேட்கமாட்டாள் என்ற நம்பிக்கையின் கீழ்தான் தொழிலாளர் குகைக்குள் இறங்குகிறார்.

மரியாளின் உடையில் மலை

ஸ்பானியர் வந்தபோது இந்த வழிபாடு வயலில் இருந்தது. வயலின் நடுவே ஒரு நீண்ட கல்லை நட்டு, பூமியிடம் விளைச்சல் கேட்டு வணங்கியதைப் பாதிரியார்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் பெருவில் விக்கிரக ஒழிப்பு இயக்கமே நடந்தது. ஊர் ஊராகப் போய் விசாரித்து, புனிதப் பொருள்களை உடைத்து எரித்தார்கள். மூதாதையரின் பதப்பட்ட உடல்கள் எரிந்தன. மலைகளையும் மண்ணையும் எரிக்க முடியவில்லை.

பிறகு நடந்தது சமரசம். பொத்தோசியின் பழைய நாணயச்சாலை இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியம் ஒன்று இருக்கிறது; வரைந்தவர் பெயர் இல்லை. மரியாளின் முகமும் இரு கைகளும் மட்டும் தெரிகின்றன. உடல் இருக்க வேண்டிய இடத்தில் செர்ரோ ரீகோ மலை. உடையின் மடிப்புகளில் பாதைகளும் மனிதர்களும் லாமாக்களும். மேலே திரித்துவம் அவளுக்கு முடி சூட்டுகிறது, கீழே போப்பும் பேரரசரும் மண்டியிட்டிருக்கிறார்கள். இருபுறமும் சூரியனும் சந்திரனும். ஸ்பானியர் மலையைப் போர்த்திய மரியாளைப் பார்த்திருப்பார். கெச்சுவாக்காரர் மரியாளைப் போர்த்திய மலையைப் பார்த்திருக்கலாம். ஓவியம் இருவரையும் சரி என்கிறது.

இந்தப் பின்னணியில் 2019 ரோம் நிகழ்வைப் பாருங்கள். அமேசான் பகுதிக்கான கத்தோலிக்க ஆயர்களின் மாமன்றத்தை ஒட்டி, அக்டோபர் 4 அன்று வத்திக்கான் தோட்டத்தில் போப் பிரான்சிஸ் முன்னிலையில் நடந்த நிகழ்ச்சியில் அந்த மரச்சிற்பங்கள் வைக்கப்பட்டன. சிலர் அவற்றைச் சூழ்ந்து தரையில் விழுந்து வணங்கினார்கள். வத்திக்கான் பேச்சாளர்கள் அதை உயிரின், வளமையின் அடையாளம் என்றார்கள். ஆற்றிலிருந்து சிற்பங்கள் மீட்கப்பட்ட பிறகு, விக்கிரக வழிபாட்டு நோக்கம் எதுவும் இல்லை என்று சொன்ன போப், நடந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். பேச்சினூடே அவரே அவற்றைப் ‘பச்சமாமா’ என்று குறிப்பிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் இரண்டு பொருந்தாமைகள். மாமன்றம் அமேசான் காட்டுச் சமவெளி மக்களைப் பற்றியது. பச்சமாமா ஆண்டிஸ் மலைநாட்டவள். அடுத்து, பச்சமாமாவுக்கு மரபில் சிலையே இல்லை. குழி உண்டு, கல் உண்டு. கர்ப்பிணி வடிவில் செதுக்கி மேடையில் வைப்பது சுற்றுலாக் கடைகளின் வழக்கத்துக்கு நெருக்கமானது. ஆற்றில் தள்ளியவர்களும் மேடையில் வைத்தவர்களும் பேசிக்கொண்டிருந்தது மூன்றாவதாக ஏதோ ஒன்றைப் பற்றி.

சட்டத்தில் எப்படி நுழைந்தாள்?

2008 செப்டம்பர் 28 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் ஈக்வடார் மக்கள் புதிய அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றார்கள். இயற்கைக்கே உரிமை உண்டு என்று ஒரு நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் சொன்னது உலகில் அதுவே முதல் முறை. அது செயல்படும் விதத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. வழக்கமான சட்டத்தில் ஆறு என்பது ஒரு பொருள். ஆற்றில் கழிவு கொட்டினால், அதனால் பாதிக்கப்பட்ட ஆள்தான் வழக்குப் போட முடியும். ஆற்றுக்கு நேர்ந்த கேடு அந்த ஆளின் இழப்பு வழியாக மட்டுமே நீதிமன்றத்துக்குத் தெரியும்.

2. ஈக்வடார் சட்டத்தின் 10ஆவது பிரிவு இயற்கையை உரிமைகளின் உடைமையாளர் ஆக்குகிறது. 71ஆவது பிரிவு ‘இயற்கை அல்லது பச்சமாமா’ தன் இருப்பு முழுமையாக மதிக்கப்படும் உரிமை கொண்டவள் என்கிறது. எந்த ஆளும், எந்தச் சமூகமும் அந்த உரிமைக்காக அரசைக் கேட்கலாம். கேட்பவர் பாதிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.

3. 72ஆவது பிரிவு சீரமைப்பு உரிமை. மக்களுக்குத் தரும் இழப்பீடு தனிக் கணக்கு. ஆற்றைப் பழையபடி ஆக்குவது தனிக் கணக்கு.

4. 74ஆவது பிரிவு மக்கள் இயற்கையிலிருந்து பயன்பெறும் உரிமையைச் சொல்கிறது. பலரும் படிக்காமல் விடும் பிரிவு இது.

பொலிவியா இதைத் தனிச் சட்டமாக்கியது. 2010 டிசம்பரில் வந்த 71ஆம் எண் சட்டம் பூமித் தாய்க்கு ஏழு உரிமைகளைப் பட்டியலிடுகிறது: உயிர், உயிர்ப்பன்மை, நீர், தூய காற்று, சமநிலை, சீரமைப்பு, மாசின்றி வாழ்தல். 2012இல் அதை விரித்து வந்த சட்டத்தின் பெயரிலேயே ‘பூமித் தாய்’க்குப் பக்கத்தில் ‘முழுமையான வளர்ச்சி’யும் இடம்பெற்றது. ஏப்ரல் 22ஐ உலக அன்னை பூமி நாளாக ஐ.நா. பொதுச்சபை 2009இல் அறிவித்ததும் பொலிவியாவின் முயற்சியால்தான்.

சட்டத்தில் பெயர் வந்ததால் என்ன நடந்தது?

நல்லதிலிருந்து தொடங்கலாம். ஈக்வடாரின் தெற்கே லோஹா மாகாணத்தில் சாலையை அகலப்படுத்தியபோது தோண்டிய கல்லையும் மண்ணையும் வில்கபம்பா ஆற்றில் கொட்டினார்கள். 2011இல் மாகாண நீதிமன்றம் ஆற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் அங்கே குடியிருந்த வெளிநாட்டவர் இருவர். 71ஆவது பிரிவின் ‘எந்த ஆளும்’ என்ற சொல் வேலை செய்தது. ஆற்றைச் சீராக்கும் வேலை மட்டும் தீர்ப்பின் வேகத்தில் நடக்கவில்லை.

பெரிய தீர்ப்பு 2021இல் வந்தது. வடமேற்கிலுள்ள லோஸ் செத்ரோஸ் முகில்காட்டில் சுரங்க ஆய்வுக்குக் கொடுத்த அனுமதி இயற்கையின் உரிமையை மீறுகிறது என்று ஈக்வடாரின் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லி அனுமதியை ரத்து செய்தது. அழிவின் விளிம்பிலுள்ள பழுப்புத்தலைச் சிலந்திக் குரங்கு வாழும் காடு அது.

எண்ணெய்க் கதை இன்னும் சுவையானது. யசுனி தேசியப் பூங்காவுக்கு அடியிலுள்ள எண்ணெயை எடுக்காமல் விடுகிறோம், அதனால் வரும் இழப்பில் பாதியாக 360 கோடி டாலரை உலக நாடுகள் தரட்டும் என்று 2007இல் ஈக்வடார் அரசு முன்வந்தது. கைக்கு வந்தது அதில் மிகச் சிறு துளி. 2013இல் திட்டத்தைக் கைவிட்டு எண்ணெய் எடுக்க முடிவு செய்தார்கள். சட்டம் அதற்கும் வாசல் வைத்திருந்தது: நாட்டு நலன் என்று நாடாளுமன்றம் அறிவித்தால் பாதுகாக்கப்பட்ட பகுதியிலும் எடுக்கலாம். பத்து ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 20 அன்று, ஏறக்குறைய 59 விழுக்காட்டினர் அந்த எண்ணெய் நிலத்தடியிலேயே இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள்.

பொலிவியாவில் முரண் இன்னும் கூர்மையானது. 2011இல், பூமித் தாய்ச் சட்டம் வந்து ஓராண்டு ஆவதற்குள், திப்னிஸ் என்ற தேசியப் பூங்காவின் ஊடே நெடுஞ்சாலை போடும் திட்டத்தை எதிர்த்துத் தாழ்நிலப் பழங்குடியினர் லா பாஸ் நோக்கி நடந்தார்கள். செப்டம்பர் 25 அன்று காவல்துறை அந்த நடைப்பயணத்தின்மீது வன்முறையோடு பாய்ந்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் எவோ மொராலெஸ் அய்மாரா இனத்தவர், பச்சமாமாவின் பெயரை உலக மேடைகளில் ஒலித்தவர். சாலையை ஆதரித்தவர்களில் மேட்டுநிலத்திலிருந்து வந்து குடியேறிய கோக்கா விவசாயிகள் இருந்தார்கள். நடந்தவர்கள் மோஹென்யோ, யுராகாரே, சிமானே மக்கள். ரோமில் பார்த்த பொருந்தாமையே இங்கே தடியடியோடு திரும்ப வருகிறது. மலைநாட்டுத் தெய்வத்தின் பெயரில் பேசிய அரசு, காட்டு மக்களின் நிலத்தில் சாலை போட வந்தது.

இதை வெறும் போலித்தனம் என்று முடித்துவிடுவது எளிது. அரசியல்வாதிகளின் பங்கு அதில் இல்லாமல் இல்லை. ஆனாலும் அடியில் வேறொன்றும் இருக்கிறது. சட்டமும் சடங்கும் பூமியை இரண்டு எதிரெதிர் இடங்களில் உட்காரவைக்கின்றன.

1. சடங்கில் அவள் வலியவள். அவளுக்குக் கொடுக்காவிட்டால் கெடுவது நாம். சட்டத்தில் அவள் தீங்குக்கு ஆளானவள், நாம்தான் அவளுக்காகப் பேச வேண்டும்.

2. சடங்கில் எடுப்பது குற்றமல்ல, ஈடு செய்யாமல் எடுப்பதே குற்றம். நம் ‘நேர்த்திக்கடன்’ என்ற சொல்லில் கடன் இருப்பது போல, அங்கே ஒவ்வொரு அறுவடையும் ஒரு கடன்பத்திரம். சட்டமோ சில எடுப்புகளை முற்றாகத் தடுக்கப் பார்க்கிறது.

3. சடங்கில் கொடுப்பவர் எடுத்தவரே. குழி அவர் முற்றத்தில் இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றில் எடுப்பவர் ஒரு ஊரில், இலாபம் இன்னொரு ஊரில், கருத்த தண்ணீர் மூன்றாவது ஊரில். யார் கையால் படைப்பது?

பழைய கணக்கு உருளைக்கிழங்கு வயலுக்கும் கைச்சுரங்கத்துக்கும் பொருந்தியது. ஆழ்துளைக் குழாய்க்கு அது போதாது. அதனால்தான் சட்டம் தேவைப்பட்டது என்பது என் கணிப்பு. பச்சமாமாவின் பெயரைச் சட்டம் கடன் வாங்கிக்கொண்டது; அவள் பசியை வாங்கிக்கொள்ளவில்லை.

மதுரைக் கிளையின் தீர்ப்பு

இந்தச் சிந்தனை தமிழ்நாட்டு நீதிமன்றத்துக்கும் வந்தது. மேகமலைப் பகுதியில் வன நிலத்துக்குப் பட்டா கொடுத்த விவகாரத்தில் தண்டிக்கப்பட்ட அரசு அலுவலர் ஒருவரின் வழக்கில், 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி ‘இயற்கை அன்னை’ உயிருள்ள சட்டபூர்வ நபர், அவளுக்கு உரிமைகளும் கடமைகளும் உண்டு என்று அறிவித்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கோட்பாடு, தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர்களுக்கு அரசே பெற்றோர் என்பது.

இந்தியச் சட்டத்துக்குத் தெய்வத்தை நபராக ஏற்பது புதிதல்ல. கோயில் மூர்த்தி சொத்து வைத்திருக்கலாம், வழக்காடலாம் என்பது பிரிட்டிஷ் காலத்திலேயே நிலைபெற்றது; அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1925இல் அதை உறுதிப்படுத்தியது. அந்த மூர்த்தி சட்டத்தின் பார்வையில் மைனர் போன்றவர், அவருக்காக வேறொருவர் பேச வேண்டும். ஆண்டிஸில் எல்லோருக்கும் மூத்தவளாகக் குழிக்குள் காத்திருப்பவள், நம் சட்டத்துக்குள் வந்தால் பாதுகாவலர் தேவைப்படும் பிள்ளையாகிறாள். தாய்க்கு அரசு தாயாகிறது.

இதே பாதையில் 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டபூர்வ நபர்கள் என்று அறிவித்து, மாநில அதிகாரிகளைப் பாதுகாவலர்களாக்கியது. மாநில அரசே மேல்முறையீடு செய்தது. வெள்ளத்தில் ஆள் செத்தால் நபராகிய நதியின் மேல் வழக்குப் போடுவார்கள், அந்த இழப்பீட்டைப் பாதுகாவலராகிய நாங்கள் கட்ட வேண்டுமா என்பது அவர்கள் கேள்விகளில் ஒன்று. அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக்குத் தடை விதித்தது. ஹுஹுயின் முற்றத்தில் அப்படி ஒரு கேள்வி எழ வழியே இல்லை. ஆறு ஆளை எடுத்துக்கொண்டால், போன ஆகஸ்டில் குழிக்குள் யார் குறைவாகப் போட்டது என்றுதான் அங்கே தேடுவார்கள்.